நைனாவின் படகுக்கு ஒரு நீலம்

நண்பர்களே, இப்போது சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்பினால் உங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் ஒரு வாசனை… காயும் இறாலும் அக்ரிலிக் பெயிண்டும் கலந்த வாசனை. உலக வரலாற்றிலேயே அது பழவேற்காட்டில் ஏழுமலை வீட்டுப் பின்பக்கம் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு வாரம்தான் வீசியது.

அப்போது எனக்குப் பொன்னேரியில் ஸ்டிக்கர் கடையில் வேலை. மிச்ச நேரத்தில் குட்டி பஸ், குட்டி லாரி என்று மாடல் செய்து ஏர்பிரஷ்ஷில் பெயிண்ட் அடிப்பேன். பேனா மாதிரி ஒரு கருவி. அதன் வாலில் காற்றுக் குழாய். குழாயின் மறுமுனையில் செகண்ட் ஹேண்ட் கம்ப்ரஸர்.

அதை ஆன் செய்தால், அது போடும் சத்தத்தில் பழவேற்காடு ஏரியில் நிற்கும் பூநாரைகள் மொத்தமும் எழும்பி ஆந்திரா பக்கம் போய்விடும். ஆஃப் செய்தால் திரும்பி வரும். எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் அவற்றை நிறுத்தி விசாரித்ததாகக் கேள்வி.

என் கூட்டாளி ஏழுமலை ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். ஃபைபர் படகு வாங்கும் ஆசையில், அவன் அப்பா, அதாவது நைனா, ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பழைய மரப்படகை ஒரு ஹோட்டலுக்கு விற்றுவிட்டான். அவர்கள் அதைக் குறுக்கே அறுத்து ஜூஸ் கவுண்டர் ஆக்கிவிட்டார்கள்.

நைனா மகனோடு பேச்சை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது.

“படகத் திருப்பிக் குடுக்க முடியாது மச்சான். அதே மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு குடு. அப்பவாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசறாரா பாப்போம்.”

இருபத்து நாலடிப் படகை ஓரடியில் செய்தேன். மரவேலை சுலபமாக முடிந்தது. மாட்டிக்கொண்டது நீலத்தில்தான். ஏழுமலையின் போனில் இருந்த ஒவ்வொரு போட்டோவிலும் படகு ஒவ்வொரு நீலமாக இருந்தது.

சென்னைக்குப் போய் கடைகளில் இருந்த நீலம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த ஒரு மாதம் அங்கே வானம் வெளுத்துக் கிடந்தது.

ஒவ்வொரு நீலத்தையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துக் காயவைத்து, வலை தைத்துக்கொண்டிருந்த நைனா முன்னால் வரிசையாக வைத்தேன். ஏழுமலை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான். நைனா என்னிடம் மட்டும் பேசினார்.

“அவன்கிட்ட சொல்லு, இது இஸ்கோல் யூனிபாரம்.”

அடுத்த ஸ்பூன்.

“இது பினாயில் மூடி.”

அதற்கடுத்தது.

“இது இன்னா, கல்யாணப் பந்தலா?”

“மச்சான், நைனாவுக்கு இன்னாதான் வோணுமாம், கேளு.”

“அவன் வித்தது வோணுமாம்னு சொல்லு.”

நடுவில் நான். சண்டை போடும் இரண்டு தேசங்களுக்கு நடுவே தூதர் பதவி.

கடைசி ஸ்பூனில் மட்டும் வலை ஊசி ஒரு நொடி நின்றது.

“கிட்ட வந்துகிது. ஆனா இது கடைல நிக்கற படகு. தண்ணில நின்ன படகு இல்ல.”

மறுநாள் கடைசி கோட். பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்க்க வைத்தால்தான் ஏர்பிரஷ் துப்பாமல் அடிக்கும். நான் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஏழுமலையைக் கொண்டுவரச் சொன்னேன். எங்கேயோ போய் ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்தான். கலக்கி அடித்தேன். ஏர்பிரஷ்ஷின் முனையில் இருக்கும் நாசில் இருமியது, தும்மியது, கோழை துப்பியது. ஈரப் பெயிண்ட் படகின் அடிப்பக்கம் வழிந்து இறங்கியது.

“இன்னா தண்ணிடா இது?”

“ஏரித் தண்ணி.”

“வீட்ல நல்ல தண்ணி கேன் இருக்குதேடா.”

“அது குடிக்கறதுக்கு மச்சான். பெயிண்ட்டு குடிக்குமா?”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். மூடவில்லை.

வெயிலில் காயக் காய, படகின் அடிப்பக்கம் முழுக்க ஏதோ வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தது. உப்பு. முதலில் பொட்டுப் பொட்டாக, பிறகு ஒரு கோடாக… ஏரியில் நாளெல்லாம் நின்றுவிட்டுக் கரையேறிய படகின் இடுப்பில் எப்படி இருக்குமோ, அப்படியே. எந்தக் கம்பெனியும் பாட்டிலில் அடைக்காத ஒன்று எங்கள் கண் முன்னால், தானாக வந்துகொண்டிருந்தது. மூச்சு பட்டால் உதிர்ந்துவிடுமோ என்று இருவரும் தள்ளி நின்றோம்.

பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மனிதர் இதைப் பார்த்து இன்னும் நான்கு மாதம் பேசாமல் போய்விட்டால்? துடைக்கத் துணியை எடுத்தேன்.

“தொடாத.”

பின்னால் நைனா. வந்தார். குனிந்தார். அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு விரலை ஓட்டி நாக்கில் வைத்தார். ஏரி அலையடிப்பதை நிறுத்தியது. பூநாரைகள் ஒற்றைக் காலையும் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றன.

“மொகத்துவாரத்தாண்ட மொண்டாந்தியாடா?”

“ஆமா நைனா.”

“அங்க சுழி ஜாஸ்தி. பாத்துப் போ.”

இப்போது என்னிடம் சத்தமே போடாத கம்ப்ரஸர் இருக்கிறது. போனைக் காட்டினால் போதும், எந்த நீலத்துக்கும் அதுவே பெயர் சொல்லிவிடும். ஆர்ஓ தண்ணீர்தான் கலக்குகிறேன், நாசில் ஒருநாளும் தும்முவதில்லை. எல்லாம் சுத்தமாக வருகிறது… ஒன்றும் பூப்பதில்லை.

சரி, ஒப்புக்கொள்கிறேன். பூநாரை பொய். வானம் வெளுத்தது பொய். நாக்கை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்தார் என்பதும் சந்தேகம்தான். மகன் பாட்டிலோடு போன திசையை அவர் வலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கேள்வியை அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார்.

அது மட்டும் நிஜம்.