பொலோனியாவின் வளைவுகளுக்குக் கீழே

முத்தாண்டிக்குப்பத்தில் கிளம்பி, சென்னையில் விமானம் ஏறி, வழியில் ஒன்று மாறி, காலை ஒன்பது மணிக்கு வட இத்தாலியின் பொலோனியாவில் இறங்கினேன். மகள் செல்வி வெளியே நின்றாள். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை, அதுவும் கான்ட்ராக்ட். இந்த வாரம் பர்மனென்ட் ஆக்கினால் இங்கேயே. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு. நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டிலேயே தலை நரைத்தவன். பர்மனென்டின் அருமை எனக்குத் தெரியாதா? ஆனாலும் பாழும் மனசு, இவள் வந்துவிட மாட்டாளா என்றே அடித்துக்கொண்டது.

ஊரே சிவப்பு. சுவர், ஓடு எல்லாம் எங்கள் முந்திரித் தோப்புச் செம்மண்ணைக் குழைத்துப் பூசியது போல. பனிமூட்டமும் தூறலும் சேர்ந்து, நடக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியவில்லை. தெருவின் இரு பக்கமும், வீடுகளுக்கு அடியில், தூணும் வளைவுமாக நீண்ட தாழ்வாரம். செல்வி அதற்குள் நடந்தாள். நான் நனைந்துகொண்டே தெருவில் போனேன்.

“அப்பா, ஏன் நனையிறீங்க? உள்ள வாங்க.”

“அடுத்தவங்க வூட்டுத் தாழ்வாரத்துல பூந்து போனா ஏச மாட்டாங்களா?”

அவள் சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலேயே பழமையான பல்கலைக்கழகமாம் இது. படிக்க வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல், மாடியைத் தெருப்பக்கம் நீட்டித் தூண் கொடுத்திருக்கிறார்கள். குதிரைமேல் போகிறவன் தலை இடிக்காத உயரம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சட்டம். கட்டிக் காப்பது வீட்டுக்காரர், நடப்பது ஊரார். அட, நல்ல மனுஷங்கதான்!

மறுநாள் இரட்டைக் கோபுரம் பார்த்தோம். நெட்டை தொண்ணூற்றேழு மீட்டர். குட்டை சாய்ந்துபோய், சுற்றிலும் வேலி. பக்கத்துக் கடையில் நின்றபடியே ஒரு வாய்க் காப்பி, ஒன்றரை யூரோ. நம்மூர்க் கணக்குப் போட்டால் தொண்டையில் இறங்காது.

கடைசி நாள் பிற்பகல் மலைமேல் மாதா கோயிலுக்குப் போனோம். பழைய கோட்டை வாசலிலிருந்து உச்சிவரை கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், வழி முழுக்க வளைவுக் கூரை. வெயில் தூணுக்குத் தூண் விழுந்து விழுந்து மறைந்தது. கோயிலுக்குள் கண்ணை மூடி, “இவளுக்கு வேலை நிலைக்கட்டும் தாயே” என்று வேண்டினேன். வாய்தான் வேண்டியது, மனசு வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் செல்வியின் போன் அதிர்ந்தது. படித்தாள். கண் கலங்கிவிட்டது.

“என்னாம்மா?”

“பர்மனென்ட்ப்பா.”

“நம்ம பக்கம் இதுக்கு எவனாச்சும் அழுவானா? கண்ணத் தொடச்சிக்க, பைத்தியமே!” என்று திட்டிக்கொண்டே என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அங்கிருந்தே என் மனைவி தனத்தைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் ஒருவருக்குப் பர்மனென்ட் ஆனால் தெருவுக்கே லட்டு உண்டு. “காலையிலயே லட்டுக்குச் சொல்லி வுட்டுடறேங்க” என்று குதித்தாள். கீழே ஊர் முழுக்க அந்திச் சிவப்பில் கரைந்துகொண்டிருந்தது. விடிந்தால் எனக்கு விமானம்.

“லட்டு வாங்கறவங்க, பொண்ணு எப்ப வரான்னு கேப்பாங்களே. என்னா சொல்லட்டும்?” என்று கேட்டாள் தனம்.

“லீவுக்கு வருவான்னு சொல்லு” என்றேன்.