ஹெரால்டின் கூரை

சனிக்கிழமை காலைகளில் மைனி, என் அண்ணனின் மனைவி, காரை ஸ்டார்ட் செய்வதுதான் இப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது. ஷெட்டைத் திறந்து, தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, டிரைவர் இருக்கையில் ஏறி உட்காருவாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பற்றியபடி, முன்னால் இருக்கும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருப்பாள். கார் நகராது. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க அவ்வளவு போதும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஷெட் முழுக்கப் புகை நிறைந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கி, மறுபடியும் தார்ப்பாயை விரிப்பாள்.

அது இரண்டு கதவுள்ள வெள்ளை ஹெரால்டு. அப்பா ஒரு எஸ்டேட் மானேஜரிடமிருந்து வாங்கியது. அப்பா போன பிறகு அது அண்ணனுடையதாயிற்று. அண்ணன் வளைகுடாவில் இருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கேரள எல்லையில் பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினான். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலின் மேல் பதித்த கண்ணாடித் துண்டுகள். மைனியைக் கல்யாணம் செய்து கொண்டுவந்தது அந்த வீட்டுக்குத்தான். மைனி அம்பூரிக்காரி. அவளுடைய அப்பாவுக்கு ஒரு ஜீப் இருந்தது. ரப்பர் ஷீட்டும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் அந்த ஜீப்பை, பள்ளிக்கூடம் முடித்த வயதிலேயே மைனி ஓட்டியிருக்கிறாள். லைசென்சும் உண்டு. கல்யாணமான புதிதில் ஹெரால்டை எடுக்கட்டுமா என்று அவள் கேட்டபோது அண்ணன் சிரித்தானாம். "இங்க பெண்ணுங்க வண்டி ஓட்டினா ஆளுக என்ன செல்லுவினும்? நீ ஸ்டார்ட் மட்டும் செய்தா போரும்."

அண்ணனுக்குத் தங்கையான நான் அப்போது படிப்பை முடித்துவிட்டுப் பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்புவேன். எனக்கு அந்த பஸ்சாவது இருந்தது. மைனிக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச், அதை விட்டால் வீடு. அம்மை இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தாள். கஞ்சி, மருந்து, பாத்திரம், துணி, எல்லாம் மைனிதான். சர்ச் முடிந்து வந்ததும் அண்ணனுடைய போன் வரும். அவன் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி ஸ்டார்ட் செய்தியா?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் அம்மையின் உடம்பு. மைனியைப் பற்றி அவன் தனியாக எதுவும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற ஆள்.

ஒரு விடுமுறை நாளில் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் தேடி வந்தார்கள். ஒருவன் என்ஜினியரிங் மாணவன், மற்றவனுடைய அப்பா வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். பழைய கார்களை வாங்கித் தங்கள் மனம்போல மாற்றி ஓட்டுகிற கூட்டம் ஒன்று அங்கே உருவாகியிருந்தது. எங்கள் ஷெட்டில் ஹெரால்டு நிற்பதை யாரோ சொல்லி, விலைக்குக் கேட்க வந்திருந்தார்கள். மகன் வராமல் ஒன்றும் விற்பதற்கில்லை என்று அம்மை உள்ளே படுத்தபடியே சொல்லிவிட்டாள். சரி, பார்க்கவாவது செய்கிறோம் என்று கெஞ்சினார்கள். மைனி ஷெட்டைத் திறந்துவிட்டாள்.

எத்தனையோ பழைய கார் இருக்க எல்லாரும் ஏன் இதையே தேடுகிறீர்கள் என்று நான்தான் கேட்டேன். மாணவன் பதில் சொல்வதற்குப் பதிலாகப் பானெட்டின் பக்கக் கொக்கிகளை விடுவித்து, முன்பக்கம் முழுவதையும், மட்கார்டும் விளக்கும் சேர, முன்னோக்கிக் கவிழ்த்துத் திறந்தான். ஒரு பெரிய மிருகம் வாய் பிளந்தது போல இருந்தது. பிறகு மலையாளமும் தமிழும் கலந்து மூச்சுவிடாமல் பேசினான். மற்ற கார்களில் உடலும் எலும்பும் ஒன்றாக வார்த்திருக்கும். அவற்றின் கூரையை வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சாத்தாது. இதில் அடியில் ஜீப்புக்கு உள்ளது போலத் தனியாக ஒரு இரும்புச் சட்டம். மேலே உள்ளதெல்லாம் துண்டு துண்டாக போல்ட் போட்டு முறுக்கியது. எதை வேண்டுமானாலும் கழற்றலாம், கொஞ்சம் மெனக்கெட்டால் வேறு எஞ்சினைக்கூட உட்கார வைக்கலாம். விலையும் குறைவு. பெரிய விலை கொடுத்து வாங்கினவனுக்குக் காரின் மேல் ஸ்பானர் வைக்கக் கை நடுங்கும். இது பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கிறது, அதனால் பயம் இல்லை. "நம்ம வீட்டில் அப்பன் ஓட்டின வண்டி, நாம ஆசைப்படும்போல மாறும்" என்று அவன் சொன்னான். இவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புகிற கார் வேறு இல்லை என்று மற்றவன் சேர்த்துக்கொண்டான்.

மைனி காரின் கூரை மேல் கையை வைத்தாள். பிறகு கேட்டாள்: "மேல்கூரையெயும் களத்தலாமா?"

"அதும் போல்ட்தான் சேச்சி. களத்தி வெச்சா திறந்த வண்டி."

அவர்கள் போன பிறகு பல நாட்கள் மைனி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஷெட்டுக்குப் போனால் திரும்பி வர நேரமாயிற்று. துருப்பிடித்த போல்ட்டுகளில் அவள் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் மதியம், மருந்து குடித்த அம்மை தூங்கியதும், என்னைக் கூப்பிட்டாள். "மக்கா, ஒரு கை பிடி." கூரையின் உள்பக்கத் துணியெல்லாம் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. மிச்சமிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கினோம். கூரை பின்கண்ணாடியோடு சேர்ந்து அப்படியே கையில் வந்தது. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். "மைனி, அண்ணன் கேட்டா?" என்றேன். "கேக்கட்டு" என்றாள். பக்கத்து வீட்டு அக்காளை அம்மையின் அருகில் உட்கார வைத்துவிட்டு கேட்டைத் திறந்தாள்.

பனச்சமூடு சந்தியில் பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர், "எலே, அது கல்ஃப்காரன் பொண்டாட்டியாக்கும்" என்று கூவியது எங்களுக்கும் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மைனி குனியவில்லை. வெள்ளறடை தாண்டியதும் வேகம் கூட்டினாள். அவளுடைய சேலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது. ரப்பர் மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி மடியில் விழுந்தன. ஜீப் ஓட்டிய காலத்தில் எந்த வளைவில் எந்த நாய் குறுக்கே வரும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அம்பூரிக்கு ஏற்றம் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போனால் அவளுடைய அப்பாவின் வீடு. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டில் சுண்ணாம்புச் சுவரைப் பார்க்கிற அதே முகம்.

"போவோம் மைனி, உங்க அப்பாவைப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

"அங்க பெய்ட்டா பிறகு எனக்குத் திரும்பி வர மனசு வராது மக்கா. அம்மை இப்பம் உறக்கம் உணருவா. கஞ்சி குடுக்கண்டாமா?"

ஸ்டியரிங்கை ஒடித்தாள். அந்தக் குறுகிய ரோட்டில், பின்னால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல், ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது. "அந்தப் பய சொன்னது செரிதான். நல்லாத்தான் திரும்புது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வருவதற்குள் ஊர் அண்ணனுக்குச் செய்தி சொல்லிவிட்டிருந்தது. அவன் சத்தம் போடவில்லை. லீவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னான். மைனி காரின் மேல் தார்ப்பாயை விரித்தாள். பிறகு அவன் வரும்வரை அதை நீக்கவே இல்லை. அண்ணன் வந்ததும் கார் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து கூரையை மறுபடி பூட்டச் செய்தான். போல்ட் போட்டது ஆகையால் எந்தத் தழும்பும் இல்லாமல் அது பழையபடி பொருந்திவிட்டது. கழற்றியதற்கு அடையாளமே தெரியவில்லை. கை துடைத்துக்கொண்டு மேஸ்திரி போனபோது மைனி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளிடம், "இது இங்க நிண்ணா சரியாகாது. விக்கப் போறேன்" என்றான். அவள் "ம்" என்றாள்.

சொல்லியனுப்பியதும் அதே இளைஞர்கள் வந்தார்கள். காரைக் கைமாற்றி வாங்கிய கையோடு, எங்கள் முற்றத்திலேயே, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்பானர் எடுத்துக் கூரையைக் கழற்றினார்கள். அண்ணன் பதறிப்போய், "எலே, என்ன செய்யிய? மழை பெய்யும்லா?" என்று கேட்டான்.

"இது நமக்கு வேண்டா சேட்டா, இங்ஙன கிடக்கட்டே" என்றான் மாணவன்.

கார் திறந்தபடி கேட்டைத் தாண்டிப் போயிற்று. கூரை எங்களோடு தங்கிவிட்டது. அடுக்களை ஜன்னலில் மைனி நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்ததும் நகர்ந்துவிட்டாள். அண்ணன் லீவு முடிந்து போன மறுநாள், நாங்கள் இருவருமாக அதைத் தூக்கிக் கொல்லையில் விறகடுக்கின் மேல் கவிழ்த்தோம்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆகித் திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டேன். அம்மை போய்ச் சேர்ந்தாள். அண்ணன் வேலையை விட்டுத் திரும்பி வந்தான். அவனுக்குக் கண் மங்கிவிட்டது, உடம்பும் தளர்ந்து படுக்கையோடு ஆகிவிட்டான். இப்போது அவனுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுப்பது மைனி. அவள் அதன் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. இப்போது பனச்சமூட்டுச் சந்தியில் சின்னப் பெண்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மதில் மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணாடித் துண்டுகள் மழையில் மழுங்கிவிட்டன.

போன கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே இருந்தபோது ஒருவர் வந்தார். எங்கள் ஹெரால்டு கைமாறிக் கைமாறி இப்போது அவரிடம் இருக்கிறதாம். சிவப்பு வர்ணம் அடித்திருக்கிறார்களாம். இப்போதெல்லாம் மாற்றிய காரைவிட, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள காருக்குத்தான் மதிப்பு என்றார். இதைப் பழையபடி ஆக்க வேண்டும், அதன் சொந்தக் கூரை கிடைத்தால் பெரிய பாக்கியம். என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார்.

"அது சும்மாத்தானே கிடக்கு. குடுத்திரு" என்றான் அண்ணன் படுக்கையிலிருந்து.

"தர முடியாது" என்றாள் மைனி. அந்த வீட்டில் அவள் அப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. வந்தவர் மறுபடியும் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். விறகு நனையும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

அவர் போன பிறகு கொல்லையில் போய்ப் பார்த்தேன். மைனி கூரையின் மேல் விழுந்திருந்த இலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏன் மைனி, கொடுத்திருக்கலாமே என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது திறந்தே ஓடட்டு மக்கா" என்றாள்.