மூத்தாரின் ஜீப்பில் மாட்டுவண்டி டயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெயில் காலம். கல்யாணமாகி, பழவேற்காடு ஏரியோரத்து மீனவ ஊருக்கு நான் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது மூத்தார், ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். ஐஸ் போட்ட இறாலைப் பொன்னேரிக்கு ஏற்றிப் போவார். தம்பி மனைவி மூத்தாரோடு பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் வேறு கூச்சக்காரி. அவர் உள்ளே வந்தாலே அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அன்று காலை அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் ஏரியில் இருந்தார். "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போடா!" என்று மாமியார் கத்தினார். அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறும்போது, பின் சக்கரத்தில் புது டயர் மாட்டியிருப்பது கண்ணில் பட்டது. நல்ல தடித்த ரப்பர். பக்கவாட்டில் ஏ, டி, வி என்று மூன்று இங்கிலீஷ் எழுத்துகள்.

ஐந்தாவது வரை படித்த எனக்கு இங்கிலீஷில் எழுத்து மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த மூன்றையும் என் பிறந்த வீட்டில், எளாவூர்ப் பக்கம் எங்கள் நைனா ஓட்டிய கருவாட்டு வண்டியில் தினமும் பார்த்திருக்கிறேன். மாட்டுவண்டிக்கென்றே செய்கிற டயர் அது. "மாடு நடக்குற வேகத்துக்குத்தான் தாங்கும். மோட்டாருல மாட்டி ஓட்டுனா சூடேறி வெடிச்சிடும்" என்று கடைக்காரர் எச்சரித்ததை நைனா எல்லோரிடமும் சொல்வார்.

ஜீப் பறந்தது. உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். யாரிடம் சொல்வது? அக்காவின் காதில், "மெதுவாப் போவச் சொல்லுக்கா" என்றேன்.

"அடி பாவி, நான் சாவுறேன், இன்னும் வேகமாப் போவச் சொல்லுடி!"

ரப்பர் தீயும் வாடை வந்தது. முன்னால், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற ஒடுங்கிய சாலை. என்னையும் மீறிக் கத்திவிட்டேன்: "மாமா, நிறுத்துங்க! அது மாட்டுவண்டி டயரு!"

மூத்தார் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "யாரு, நீயா பேசுன?" டயரைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி போல! இறங்கி டயரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கவாட்டில் போண்டா அளவுக்குப் புடைத்திருந்தது. "அளவு சரியா கீது, ரப்பரும் கெட்டியா கீதேன்னு மாட்டிட்டேன்மா" என்றார்.

ஸ்டெப்னி மொட்டையாகத் தேய்ந்திருந்தது. ஆனாலும் அது ஜீப் டயர். அவர் கழற்றிய நட்டுகளை முந்தானையில் வாங்கிக்கொண்டேன். வலிக்கு நடுவில் அக்கா உள்ளேயிருந்து, "சீக்கிரம் மாட்டுய்யா, உன் புள்ள ரோட்டுலயே பொறந்துடும்!" என்று கத்த, அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குள் போன சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதன்பிறகு எப்போது டயர் வாங்கினாலும் மூத்தார், "இந்த எழுத்தக் கொஞ்சம் பாரும்மா" என்று என்னைக் கூப்பிடுவார்.

அந்தக் குழந்தை இன்று சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள். இப்போதெல்லாம் கார் டயரில் அளவுக்குப் பின்னால், எந்த வேகம்வரை தாங்கும் என்பதற்கே தனியாக ஓர் எழுத்து இருக்கிறதாம், அவள்தான் காட்டினாள். நாலு பேர் எதிரில் இன்றும் எனக்கு வாய் வராது. ஆனால் அவள் டயர் மாற்றப் போகும்போது, கடைக்காரரிடம் அந்த எழுத்தைக் கேட்க வண்டியைவிட்டு முதலில் இறங்குவது நான்தான்.