தோளில் இரண்டு ஊசி

உப்பளத்தில் மேஸ்திரி காதுபட யாரும் ‘வலிக்குது’ என்று சொல்ல மாட்டோம். சொன்னால் மறுநாள் நம் கூடை வேறொருத்தி தலைக்குப் போய்விடும். சுனாமிக்கு மறுவருஷம் என் வலது தோள் கையைத் தூக்கவிடாமல் மல்லுக்கு நின்றபோதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உப்பு சுமந்தேன். தோள் தேறினால்தான் எனக்கு அளத்தில் வேலை. இல்லையென்றால் வீட்டில் உலை கொதிக்காது.

மூட்டுக்குள் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால்தான் உள்ளே கிழிந்திருக்கிறதா என்று தெரியுமாம். ஊர் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லிப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதல் தடவை எக்ஸ்ரேயில் பார்த்துப் போடும் ஊசி. மல்லாக்கப் படுக்கவைத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, அது அசையாமலிருக்க ஒரு மணல் பையை வைத்தார்கள். மூஞ்சிக்கு மேலே பெரிய மெஷின். மூக்கு அரித்தால்கூடச் சொறிய வழியில்லை. ஊசி நிற்கிற இடத்தை டாக்டர் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டார். பிறகு எக்ஸ்ரேயை நிறுத்திவிட்டு மருந்தைத் தள்ளினார்.

“சுருக்குன்னு வலிச்சா சொல்லும்மா. ஊசி நகந்துடுச்சுன்னு அர்த்தம்.”

உயிரே போனது. என் வாய் அது பாட்டுக்கு, “வலிக்கலைங்க” என்றது.

அப்புறம் ஆளையே உள்ளே தள்ளி ஸ்கேன் எடுக்கிற அந்தக் குழாய். அடக் கடவுளே! உள்ளே தள்ளியதும் டமடமவென்று காதைக் கிழிக்கிற சத்தம். கத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்களோ என்று பயந்து, பானைக்குள் தலை மாட்டிய பூனையாகக் கிடந்தேன். வெளியே வந்தால் டாக்டர் தலையில் கைவைத்து நிற்கிறார். மருந்து மூட்டுக்குள் போகாமல் சதையில் இறங்கியிருந்தது.

“வலிச்சா சொல்லுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனேம்மா!”

வருஷக்கணக்காக ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய்.

இரண்டாம் தடவை ஒரு டாக்டரம்மா. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் பார்ப்பார்களே, அந்த ஸ்கேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளுக்குப் பின்னால் சில்லென்று பசை தடவினார். என் முகத்துக்கு நேரே டிவி. ஊசி ஒரு வெள்ளைக் கோடாக உள்ளே போவது கடைசிவரை தெரிந்தது. அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை.

“வலிக்குதான்னு கேக்க மாட்டீங்களா டாக்டரம்மா?”

“கேட்டா மட்டும் சொல்லிடுவியாக்கும்! எனக்கே தெரியுது, சும்மா படு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஊசி மாறினாலும் குழாய் அதேதான். மறுபடி உள்ளே போய்க் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இந்தத் தடவை படம் சுத்தமாக விழுந்தது. தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது.

“இனிமே தலைச்சுமை தூக்கக் கூடாதும்மா. தூக்கினா மிச்சமும் அறுந்துடும்” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் விடிந்ததும் அளத்துக்குத்தான் போனேன். வேறெங்கே போவது? மேஸ்திரி வரப்பில் நின்றிருந்தார். பக்கத்தில் சும்மாட்டோடு ஒரு புதுப் பெண்.

“இன்னாம்மா, தோள்பட்ட எப்படி இருக்குது?”

“வலிக்கலைங்க” என்றேன்.

கூடையை என் தலையில் ஏற்றிவிட அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன்.