டேஷிங் காரில் பெரியப்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். கோட்டையூரில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், திடீரென்று ஒரு நாள் உள்ளே விளக்கு தானாக எரிந்து அணையும், உடனே அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பிவிடும். நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டில் பூசாரி வந்து எலுமிச்சம்பழம் எல்லாம் அறுத்துவிட்டுப் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எலி வயரைக் கடித்து வைத்திருக்கிறது. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

என் அண்ணன் முத்து டவுன் பஸ் டிரைவராக இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். பஸ் ஓட்டும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவு வந்தால் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். ஹாரன் அடித்த பிறகும் தட்டுவார். ஏன் என்று கேட்டால், வண்டிக்குச் சொல்ல வேண்டாமா என்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சர்க்கரை வந்து, காலில் சின்னப் புண்ணாக ஆரம்பித்து, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. எடுத்த காலை ஆஸ்பத்திரியில் என் கையில்தான் கொடுத்தார்கள். மானகிரியில் எங்கள் வயல் ஓரத்தில் நான்தான் புதைத்தேன். புதைத்துவிட்டு வந்து குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று கூடத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கையைக் கழுவிவிட்டு டீ குடித்தேன்.

போன வருஷம் காரைக்குடிக்கு வெளியே புதிதாக ஒரு கட்டடத்தின் மாடியில், ஏசி போட்ட விளையாட்டு இடம் ஒன்று திறந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டும் கலர் விளக்கும்தான். குதிக்கிற டிராம்போலின், பந்துக் குளம், கண்ணாடி அறை, எல்லாவற்றுக்கும் மேலாக டேஷிங் கார். என் மகள் யாழினி, ஏழு வயசு, அதைப் போனில் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நின்றாள். அவள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஏன்டா, அங்குட்டு ஏதோ காரு ஓட்டலாமாமே. என்னையும் ஒரு நா கூட்டிட்டுப் போடா. ஸ்டியரிங்கப் புடிச்சு எம்புட்டு நாளாச்சு."

"அதுக்கு வலது காலு வேணும்ணே," என்றேன்.

அப்படியே சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரித்தார், "அதுஞ் சரிதான்" என்றார். அந்தக் காரில் இரண்டு பேர் உட்காரலாம். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து பெடலை மிதித்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஊன்றுகட்டையோடு அவரை மாடி ஏற்றி, அங்கே நாலு பேர் திரும்பிப் பார்த்து, கால் எப்படிப் போச்சு என்று கேட்டு, இதெல்லாம் வேண்டாம் என்று இருந்தது. வெட்கம்தான், வேறு என்ன?

சரி, அவருக்குத் தெரியாமல் போவது எப்படி? கடைக்குப் போகிறோம் என்றால் காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். கோயில் என்றாலும் வருவார். அவர் வராத இடம் ஒன்றே ஒன்று, துட்டி வீடு. சாவு வீட்டுக்குப் போனால் செத்தவரை விட்டுவிட்டு இவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று, துட்டி கேட்கப் போவதையே நிறுத்திவிட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேமத்தான்பட்டியில் கடைக்குப் பழக்கமான ஒருவருடைய அப்பா தவறிவிட்டார், நானும் கவிதாவும் துட்டி கேட்டுவிட்டு வருகிறோம், யாழினியை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொன்னேன். கவிதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சாவைச் சொல்லியா ஏமாற்றுவது என்று காரில் கேட்டாள்.

அந்த இடத்தில் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு நீலம், குழந்தைகளுக்கு மஞ்சள். வலது காலுக்கு 'ஆர்', இடது காலுக்கு 'எல்' என்று மேலேயே போட்டிருக்கும். பந்துக் குளம், கண்ணாடி அறை எல்லாம் முடித்து, டேஷிங் காரில் யாழினியோடு நானே ஒரு சுற்றுப் போனேன். நாலு பக்கமும் இடித்த இடியில் இடுப்பு விட்டுப்போனது. மறுபடியும் என்றாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்து வந்த போனை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றேன். கவிதா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

பேசி முடித்துத் திரும்பினால் யாழினி காரில் போய்க்கொண்டிருக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டியரிங்குக்கு நேரான சீட்டில் யாரும் இல்லை. நான் பார்த்த வரைக்கும் யாரும் இல்லை. ஆனால் ஸ்டியரிங் திரும்புகிறது. மற்ற கார்கள் எல்லாம் கண்மண் தெரியாமல் மோதிக்கொள்கின்றன, இந்தக் கார் மட்டும் ஒன்றிலும் படாமல், இடம் பார்த்து ஒதுங்கி, வளைந்து வளைந்து போகிறது. டேஷிங் காரை யாராவது இடிக்காமல் ஓட்டுவார்களா? நான் முதலில் நினைத்தது ரிமோட். கன்ட்ரோல் ரூமில் இருந்து ஓட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். அப்போது கார் மூலையில் வளைந்தது. அத்தனை பாட்டுச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. தகரத்தில் இரண்டு தட்டு.

மணி அடித்துக் கார்கள் நின்றதும் அங்கே நின்ற பையனைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்னப் புள்ளையத் தனியா எப்புடி விட்டீங்க?"

"தனியா எங்க சார் விட்டேன்? பெரியவரு ஒருத்தரு கூட ஏறுனாருல்ல. உங்க வீட்டு ஆளுன்னு பாப்பாதான் சொல்லுச்சு."

யாழினி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். "பெரியப்பா சூப்பரா ஓட்டுனாருப்பா. நம்மளத்தான் யாராலயும் இடிக்கவே முடியல."

"பெரியப்பா வீட்டுல இருக்காருடா கண்ணு."

"இல்லப்பா, வந்தாரு. ரெண்டு காலும் இருந்துச்சு."

தண்ணீர் வாங்கித் திரும்பி வந்த கவிதா கையிலிருந்த பாட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டாள். வீட்டில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. போன் போட்டேன். முதல் தடவை நம்பர் மாறிப் போனது. அடுத்த தடவை எடுத்தார்.

"என்னடா?"

"எங்கண்ணே இருக்கீக?"

"எங்க இருப்பேன், கொல்லையில வெந்நி போட்டுக்கிட்டு இருக்கேன். துட்டிக்குப் போயிட்டு வாறீக, குளிக்காம உள்ள வர முடியுமா? மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

பக்கத்து வீட்டு மரகதக்கா அப்போது அங்கேதான் இருந்திருக்கிறார். மத்தியானம் முழுக்க அண்ணன் கொல்லையை விட்டு நகரவில்லை என்று பிறகு அந்த அக்காவே சொன்னார். நான் நன்றாகக் கேட்டுவிட்டேன்.

பெரியப்பாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று யாழினிக்குச் சொல்லிவைத்து, வீட்டுக்கு வந்தோம். கொல்லைப்புறம் விறகு அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர். பக்கத்தில் வாளிகள், மாற்றுத் துணி, துண்டு எல்லாம் வரிசையாக. ஒற்றைக் காலில் கட்டையை ஊன்றிக்கொண்டு, அரை அரை வாளியாகத் தூக்கி ஊற்றி நிரப்பியிருக்கிறார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நாங்கள் தீட்டோடு வந்திருக்கிறோம் என்று தள்ளியே நின்றார்.

"வயசானவரா?" என்று கேட்டார்.

"எழுவதுக்கு மேல இருக்கும்ணே."

"எப்புடிப் போனாரு?"

"நெஞ்சுவலி."

"பாவம், கெடையில கெடக்காம போயிட்டாரு. புள்ளைக எல்லாம் வந்துட்டாகளா?"

வந்துவிட்டார்கள் என்றேன். இல்லாத ஒரு மனுஷனுக்காக அண்ணன் கண் கலங்கி நின்றார். அவர் சுட வைத்த தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். ஒவ்வொரு சொம்புக்கும் எனக்கு உடம்பு கூசியது. கவிதா குளியலறைக்குள் சத்தம் வராமல் அழுதிருக்கிறாள். போட்டுக்கொண்டு போன துணி எல்லாவற்றையும், சாக்ஸ் உட்பட, வழக்கப்படி ஒரே வாளியில் நனைத்துப் போட்டோம்.

மறுநாள் காலையில் கவிதா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய சாக்ஸ் ஜோடி, யாழினியுடையது ஜோடி, என்னுடையது ஜோடி, எல்லாம் இருந்தது. கூடவே நீலத்தில் இன்னும் ஒன்று. ஜோடி இல்லாமல் ஒன்று மட்டும்.

"யாருதுங்க இது?"

வாங்கிப் பார்த்தேன். மேலே 'ஆர்' என்று இருந்தது. அடியில் ரப்பர் புள்ளியெல்லாம் புத்தம் புதுசு. பெருவிரலுக்குக் கீழே, பெடலை மிதிக்கிற இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நீங்கள் கேட்பீர்கள், அங்கே சாக்ஸ் விற்றவன் தவறுதலாக ஒன்று சேர்த்துப் போட்டிருக்கலாமே என்று. நானும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தேய்ந்ததற்கு மட்டும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு அண்ணனிடம் போனேன். கட்டிலில் படுத்திருந்தார்.

"அண்ணே, கெளம்புங்க. அந்த டேஷிங் காருக்குப் போவோம். நான் பெடல மிதிக்கிறேன், நீங்க ஓட்டுங்க."

"வேணாம்டா, போதும்," என்றார்.

போதும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"போன ஞாயித்துக்கெழமையில இருந்து காலு வலிக்குதுடா. இருக்குற காலு இல்ல, போன காலு. ரொம்ப நேரம் பெடல மிதிச்சாக் கெண்டைக்கால்ல புடிச்சுக்கிட்டு வலிக்குமே, அந்த வலி. கொஞ்சம் அமுக்கி விடேன்."

டாக்டரிடம் கேட்டேன். எடுத்த கால் வலிப்பது போலத் தோன்றுவது சகஜம், நரம்பு வேலை என்றார். இருக்கலாம். நானும் வயர் வேலை பார்க்கிறவன்தான், இணைப்பு அறுந்த பிறகும் சில நேரம் ஷாக் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால் எடுத்து இத்தனை நாளில் ஒரு தடவை கூட வராத வலி, அன்றிலிருந்துதான் வந்தது.

நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நிஜமாகவே இரண்டு மூன்று துட்டிக்குப் போய் வந்தாயிற்று. திரும்பி வந்தால் ஒவ்வொரு தடவையும் வெந்நீர் தயாராக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளிக்கும்போதெல்லாம், இவருக்குத் தெரியும், எல்லாம் தெரிந்துதான் செய்கிறார் என்று தோன்றும். தெரியாமல் செய்கிறார் என்றால் அது இன்னும் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். வலது பக்கம், முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு கையாலும் பிடித்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். "அங்குட்டு இல்லடா, இன்னுங் கொஞ்சம் கீழ" என்பார். கையைக் கீழே நகர்த்துவேன். "ஆங், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் கட்டில் விரிப்பைக் கவிதாதான் தினமும் உதறிப் போடுகிறாள். நான் கை வைக்காத இடத்தில், குதிகால் இருக்க வேண்டிய இடத்தில், அந்த விரிப்பு எப்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கிறது.