இடது சக்கரத்து எலுமிச்சை

சனிக்கிழமை, காலை ஆறு மணி. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பினேன். மலாக்காவுக்குத் தொண்ணூறு மைல் சொச்சம். மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து மூன்று வாரமாகியும் தெருத் தோரணங்களை யாரும் அவிழ்க்கவில்லை. பனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உறுமியதும் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. அதில் எனக்கு ஒரு பெருமை, மறைப்பானேன்!

அடுத்த ஞாயிறு மலைப்பாதையில் கார்ப் பந்தயம். ஆறு மாதமாக எனக்கு அதே நினைப்பு. மனைவி சரசுதான் குறுக்கே நின்றாள். "எங்கண்ணன் வண்டியப் பார்த்து சரின்னு சொல்லட்டும், போங்க. வேணாம்னு சொன்னா வேணாம்." மலாக்காவில் காஜா பெராங்கில் இருக்கும் அவள் அண்ணன் முத்தையா லாரி ஓட்டியே தலை நரைத்தவர். அவர் வாய்ச்சொல்தான் அவளுக்குச் சட்டம். நானும் தலையாட்டிவிட்டேன்.

காருக்கு நான் செய்த வேலைகள் கொஞ்சமா? ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினேன். பாட்டரியை வலப்பக்கம், என் இருக்கைக்குப் பின்னால் மாற்றினேன். எடை குறைய ஸ்பேர் சக்கரத்தைக் கழற்றினேன். பக்கத்து இருக்கையையும் கழற்றி வீட்டுப் பின்கட்டில் போட்டேன். "அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று சரசு கேட்டாள். "பந்தயம் முடியட்டும்" என்றேன்.

எட்டு மணிக்குச் சிரம்பானில் ஒரு கோப்பி, பத்துக் காசு. ஊரைத் தாண்டினால் இருபுறமும் ரப்பர்த் தோட்டம். மரங்களுக்கிடையே பனி அசையாமல் நின்றது. கார் ஓடுகிறதா, மரங்கள் ஓடுகின்றனவா என்று புரியாத மயக்கம். பாதி உறக்கத்தில் காணும் கனவை யாரோ விழித்துக்கொண்டே காணச் சொன்ன மாதிரி இருந்தது. இடது வளைவுகளில் மட்டும் காரின் பின்புறம் மெல்ல விலகியது. அதையும் ரசித்தேன். வேகமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு காஜா பெராங். முத்தையா வெளியே வந்து காரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"மாப்ள, என் தங்கச்சி எங்க உக்காரும்?"

"பந்தயத்துக்கு எடை குறைக்கணுமில்ல, மச்சான்."

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

அவரிடமும் இரண்டு இருக்கைக் கார் ஒன்று உண்டு. பச்சை, என்னுடையதைவிடப் பழசு, ஒரு திருகாணிகூட மாற்றப்படாதது. பதினோரு மணிக்கு அதை என்னிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தூறலில் கடற்கரையோரத்து உஜோங் பாசிர்வரை ஓட்டினேன். ஸ்டியரிங் கல் மாதிரி கனத்தது, வளைவில் உடம்பு சாய்ந்தது, வேகம் எடுக்கவே யோசித்தது. ஆனால் ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அங்கே நிறுத்தினேன்.

"மச்சான், இது கார் இல்ல, மாட்டு வண்டி."

"மாட்டு வண்டிதான் லா. ஆனா வீட்டுல கொண்டுபோய் சேர்க்குது பாரு."

"என் வண்டி எப்படி? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"புதுசா வேலை செஞ்ச வண்டி. மொதல்ல கோயில்ல பூசை போடுவோம்" என்று நழுவிவிட்டார்.

மூன்று மணிக்கு மழை விட்டது. செட்டி கிராமத்து அம்மன் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். முத்தையாவின் பக்கத்து வீட்டு மெக்கானிக் ஆறுமுகமும் வந்தார். மலாக்காச் செட்டிக்காரர், பெயர் தமிழ், பேச்சு மலாய். நெற்றி நிறையத் திருநீறு. அவரே குனிந்து நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினால் வண்டிக்குக் கண்ணேறு கழியும்.

நான் சும்மா கிளம்புவேனா? இருவருக்கும் காட்ட வேண்டாமா? ஒரே மிதி. ஈர மணல் பறக்க, இடப்பக்கம் ஒடித்துச் சாலையில் ஏறி, இருபது கஜம் தள்ளி நிறுத்தினேன். மீசையை முறுக்காத குறையாகத் திரும்பி நடந்தேன்.

மூன்று பழங்கள் நசுங்கிக் கிடந்தன. நான்காவது, இடது பின்சக்கரத்துப் பழம், வாய்க்கால் ஓரத்தில் மஞ்சளாக, முழுசாகக் கிடந்தது. ஆறுமுகம் அதை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். "கிரி ரிங்ஙான்" என்றார். இடப்பக்கம் லேசு என்று அர்த்தம்.

முத்தையா என் முகத்தைப் பார்த்தார். "மிதிக்க வேண்டிய சக்கரம் மிதிக்கல, மாப்ள. நின்ன எடத்துல சுத்தி, பழத்த எத்தி விட்டுருக்கு. நீ வலப்பக்கம், பாட்டரி வலப்பக்கம். இடப்பக்கம் ஆளே இல்ல. மலையில, இடது வளைவுல இப்படிச் சுத்துனா வண்டி எங்க போவும்?"

காலையில் ரசித்த வளைவுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஐயோ, அந்த வழுக்கலையா ரசித்தேன்!

"வேணாங்கிறீங்களா, மச்சான்?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் பழம் சொல்லிடுச்சே."

ஆறு மாதக் கனவு. அழுகை முட்டியது, முகம் கழுவப் போகிற சாக்கில் கோயில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டேன். இருக்கை இருந்த இடத்தில் ஓர் அரிசி மூட்டையை வைத்துக் கயிற்றால் கட்டினார் முத்தையா. "தங்கச்சி எடத்துல இப்போதைக்கு இது இருக்கட்டும்" என்று சொல்லி, அந்த எலுமிச்சம்பழத்தையும் என் சட்டைப்பையில் போட்டார். அதே சாலை, அதே பனி, அதே இடது வளைவுகள். கார் விலகவில்லை. மூட்டைமேல் ஒரு கையை வைத்தபடி ஓட்டினேன்.

செந்தூல் தெருவில் திரும்பும்போது மணி பதினொன்று. வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் கழற்றிப்போட்ட இருக்கையைச் சரசு வாசற்படிக்கு இழுத்து வந்து, அதன்மேல் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதன் தோலில் தூசியே இல்லை. தினமும் மாலையில் நான் வரும்வரை பின்கட்டில் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாளாம், பின்னால் தெரிந்துகொண்டேன்.

"அண்ணன் என்ன சொன்னாரு?" என்றாள்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"எந்திரி, சரசு. சீட்ட மாட்டணும்."