குட்டி நித்திரை கொள்ளுது

நெடுந்தீவில் படகை விட்டு இறங்கியதும் சுற்றுலாக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது இங்கே புல்வெளியில் திரியும் காட்டுக்குதிரைகளைத்தான். ஓட்டோ ஓட்டுகிற எனக்கு அவைதான் சோறு போடுகின்றன.

போன கோடையில் மழையே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனேன். குதிரைகளுக்கென்று கட்டிய தண்ணீர்த்தொட்டி காய்ந்து கிடந்தது. பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு தாய்க்குதிரை. அதன் காலடியில் குட்டி செத்துக் கிடந்தது.

"குட்டிக்கு என்ன மாமா?" என்று அவர்களின் சின்ன மகள் கேட்டாள்.

"நித்திரை கொள்ளுது, பிள்ளை" என்றேன்.

தகப்பன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை தன் போத்தல் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். ஆட்களைக் கண்டால் ஓடுகிற குதிரை அன்று ஓடவில்லை. வாயை நனைத்தது, குடிக்கவில்லை. திரும்பிப் போய் அந்த ஈர வாயால் குட்டியின் முகத்தைத் தடவியது.

"மாமா, அம்மா எழுப்புது!" என்று பிள்ளை கைதட்டினாள்.

"அண்ணை, அடுத்தது எங்கை?" என்றார் தகப்பன். நான் ஓட்டோவை எடுத்தேன்.

படகேறும்போது பிள்ளை சொன்னாள்: "குட்டி எழும்பினாத் தண்ணி குடுங்கோ, மாமா."

"ஓம், பிள்ளை."

பின்னேரம் ஒரு பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீரோடு போனேன். தாயும் சரிந்து கிடந்தது. வாயில் ஊற்றிய தண்ணீர் அப்படியே மண்ணுக்குள் போனது. தினமும் அந்த வழியால் போகிறவன் நான். அதுவரை ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றியதில்லை.

மறுநாள் படகில் வந்தவர்களும் குதிரைகளைத்தான் கேட்டார்கள்.

"குதிரையள் இண்டைக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கும், ஏறுங்கோ" என்றேன்.